நேரே வரலாம் என்று சொல்லுங்கள், ஃபாதர்

தென் மாவட்டங்களில் ஞாயிற்றுக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் பீடத்தில் நின்று மறையுரை சொல்லும் கத்தோலிக்கக் குருக்களுக்கு,

ஸ்தோத்திரம்.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) சபையைச் சேர்ந்தவள். ஓய்வுநாள் பாடசாலையில் இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அம்மா பிறந்தது கடற்கரையில், ஆர்.சி. குடும்பத்தில். அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் பக்கம் வந்தார். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, கடைசிவரை உங்கள் கோயில் பிள்ளையாகவே இருந்தார். சின்ன வயதில் ஆகஸ்ட் 5-ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்கு அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நெரிசலில் தொலைந்துவிடக் கூடாது என்று தன் சேலைத் தலைப்பை என் கையில் சுற்றிவிடுவார். அதனால் இதை வெளியிலிருந்து கல்லெறிகிறவளின் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சிலையைக் கும்பிடுகிறவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டு என் பெரியம்மா அழுததைப் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வருவது உங்கள் பிரசங்கத்தைப் பற்றி. அந்த மைக்கிலிருந்து வரும் சொல் கீழே உட்கார்ந்திருக்கும் ஜனங்களை இயேசுவிடம் கிட்டே சேர்க்கிறதா, தள்ளி நிறுத்துகிறதா? போன வருடம் இரண்டு இடங்களில் நான் கேட்டதை வைத்துத்தான் இதைக் கேட்கிறேன்.

முதலாவது, பெரியம்மாவின் அடக்கப் பூசை. அவரைப் பற்றிச் சாமி நல்லபடியாகத்தான் பேசினார். அப்புறம் பேச்சு நற்கருணைக்கு, பூசையில் கொடுக்கும் அப்பத்துக்கு, திரும்பியது. வந்திருந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சி.எஸ்.ஐ. என்பது அவருக்குத் தெரியும். "பிரிந்துபோன சபைகளில் கொடுப்பது வெறும் ரொட்டிதான், ஒரு ஞாபகத்துக்குச் சாப்பிடுகிறார்கள். ஆண்டவர் இருப்பது இங்கே" என்றார். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் நன்மை (அந்த நற்கருணை) வாங்க வர வேண்டாம் என்று அறிவிப்பும் வந்தது. அறிவிப்பில் எனக்கு மனவருத்தம் இல்லை. அது உங்கள் திருச்சபையின் சட்டம். கூப்பிடாத பந்தியில் இலை போட்டு உட்காரும் பழக்கம் எங்களுக்கும் கிடையாது. 'வெறும் ரொட்டி' என்ற சொல்தான் குத்தியது.

எங்கள் திருவிருந்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அந்த ஒரு நாள் காலையில் காப்பித்தண்ணிகூடக் குடிக்காமல் வரும் பாட்டிமார் எங்கள் சபையில் இன்னும் இருக்கிறார்கள். முட்டி மடங்காது, ஆனாலும் பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு முழங்காற்படியிடுவார்கள். இரண்டு கையையும் குவித்து ஏந்துவார்கள். அப்பத்தை வாங்கிய கையில் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து அதையும் நாக்கில் வைப்பார்கள். ஐயர், அதாவது எங்கள் போதகர், இரசப் பாத்திரத்தை உதட்டருகே சாய்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர்களிடம் போய் 'இது வெறும் ரொட்டிதானே பாட்டி' என்று கேட்டுப் பாருங்கள்.

1529-இல் மார்பர்க் நகரத்தில் எங்கள் பக்கத்துச் சீர்திருத்தவாதிகள் லுத்தரும் ஸ்விங்லியும் இந்தக் கேள்விக்காகவே எதிரெதிராக உட்கார்ந்தார்கள். 'இது என் சரீரம்' என்று லுத்தர் லத்தீனில் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு, அந்த வார்த்தையை விட்டு அசைய மாட்டேன் என்றார். ஸ்விங்லி சம்மதிக்கவில்லை. பின்னால் வந்த கால்வின், பரிசுத்த ஆவியானவரின் வல்லமையால் கிறிஸ்துவிலேயே நாம் பங்கடைகிறோம் என்று போதித்தார். எங்களுக்குள் பேதம் உண்டு, மறைக்கவில்லை. அப்பமும் இரசமும் தன்மையிலேயே மாறிப்போகின்றன என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் (உங்கள் ஆயர்களின் பொதுச்சங்கம்) சொன்ன விளக்கத்தைத்தான் நாங்கள் ஏற்கவில்லை. எப்படி என்ற விளக்கத்தை மறுப்பவனும் ஆண்டவர் வருகிறார் என்று விசுவாசிக்கலாம் அல்லவா? பிரசங்கத்தில் இவ்வளவும் சொல்ல நேரமிருக்காது என்பது தெரியும். நேரமில்லாவிட்டால் எங்களைப் பற்றிச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

அதே மறையுரையில் இன்னொன்றும் வந்தது. பெரியம்மாவின் ஆன்மா இளைப்பாற பூசை ஒப்புக்கொடுத்துக்கொண்டே இருங்கள், எத்தனை பூசையோ அத்தனை சீக்கிரம் மோட்சம் என்றார். பெரியம்மாவின் மகன், என் அண்ணன், கூலிக்கு வலை பின்னுகிறவர். அடக்கம் முடிந்த அன்று ராத்திரி, திண்ணையில் உட்கார்ந்து விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஏழாம் நாளுக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று, நடுவில் முடிந்தபோதெல்லாம். "அம்மாவுக்குக் குறை வைக்கக் கூடாது பாரு" என்றார். அம்மாவுக்கு உயிரோடு இருக்கும்போது ஒரு குறையும் வைக்காத மனுஷன் அவர்.

உங்கள் திரெந்து சங்கம் 1562 செப்டம்பரில் எழுதியது என்ன? சிலுவையில் பலியானவரும் பீடத்தில் ஒப்புக்கொடுக்கப்படுபவரும் ஒருவரே, ஒப்புக்கொடுக்கும் விதம்தான் வேறு என்பது. கிறிஸ்துவின் பலியும் நற்கருணைப் பலியும் ஒரே பலி என்று உங்கள் மறைக்கல்வி நூலும் சொல்கிறது. சரி, ஒரே பலி என்றால் எண்ணிக்கை எதற்கு? ஒன்றைப் பல தடவை எண்ணினால் அது பல பலி என்றுதானே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்குப் புரியும்? எபிரெயர் பத்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். பழைய ஆசாரியர்கள் நாள்தோறும் நின்றுகொண்டே பலி செலுத்தினார்கள். இயேசுவோ ஒரே பலியைச் செலுத்தி, தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அம்மா உட்கார்ந்துவிட்டார் என்றால் அடுப்படி வேலை அத்தனையும் முடிந்தது என்று அர்த்தம். "ஒரே பலியினாலே இவர் என்றென்றைக்கும் பூரணப்படுத்தியிருக்கிறார்" என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அன்றைக்கு அந்தக் கோயிலில் அண்ணன் கேட்டிருக்க வேண்டிய வசனம் அதுதான். 'உன் அம்மாவுக்குக் குறை எதுவும் இல்லை, இயேசு எல்லாம் முடித்துவிட்டார்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்த ராத்திரி அவர் தூங்கியிருப்பார்.

பாத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அடக்கப் பூசையில் சாமி மட்டும் குடித்தார், வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்தார், வைத்துவிட்டார். முந்நூறு பேர் வரிசையில் அப்பம் மட்டும் வாங்கித் திரும்பினார்கள். "நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்" என்று இயேசு சொன்னதை 1415-இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் குருவோடு நிறுத்திவிட்டது. சீர்திருத்தம் கேட்ட செக் குரு யான் ஹுஸ் எரிக்கப்பட்டதும் அதே சங்கத்தில், அதே வருடம். அவருடைய ஜனங்கள் அந்தப் பாத்திரத்தையே தங்கள் கொடியாக ஆக்கிக்கொண்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைக் கொஞ்சம் திறந்துவிட்டது. இரண்டு வகையிலும் கொடுக்கும்போது அடையாளம் இன்னும் நிறைவாகிறது என்று உங்கள் திருப்பலி நூலின் பொதுப் போதனையே ஒத்துக்கொள்கிறது. பிறகு ஏன் எங்கள் பக்கத்துப் பங்குகளில் அது இவ்வளவு அபூர்வம்? கூட்டம் அதிகம், நேரம் ஆகும் என்பீர்கள். திருவிழா அசனத்தில் ஊருக்கே சோறு போட்டுப் பரிமாறத் தெரிந்த ஜனம் இது.

இரண்டாவது சம்பவத்துக்கு வருகிறேன். எனக்கு மனசு ஆறாமல் இருப்பது அதில்தான்.

மதினி கூப்பிட்டாள் என்று ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில் ஒன்றுக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். பாதிக்கு மேல் இந்துக்கள். எண்ணெயும் மெழுகுதிரியும் உப்பும் மிளகும் வாசலில் விற்கிறார்கள். என் பக்கத்தில் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், மடியில் நாலு வயதுப் பையன். பையனுக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு பஸ் மாறி வருகிறாளாம். பதின்மூன்று செவ்வாய் வருவதாக நேர்ந்துகொண்டிருக்கிறாள். "பதினோராவது செவ்வாய் இவனுக்குக் காய்ச்சல் அக்கா, வர முடியல. விட்டுப்போச்சு. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு ரெண்டாவது" என்றாள். குரலில் கோபம் இல்லை. தன்மேல்தான் தப்பு என்று நம்பிவிட்டவளின் குரல்.

அப்போது மைக்கில் மறையுரை நடந்துகொண்டிருந்தது. "கலெக்டரைப் பார்க்கணும்னா நேரே உள்ளே போக முடியுமா? பி.ஏ.வைப் பிடிக்கணும். தெரிஞ்சவங்க வேணும். ஆண்டவர் நீதிபதி, மாதாதான் நமக்கு வக்கீல். அப்பா கோபமா இருந்தா அம்மா வழியாத்தானே போவோம்? அம்மா கேட்டா மகன் மறுப்பாரா?" கூட்டம் தலையை ஆட்டியது. அவளும் ஆட்டினாள்.

ஃபாதர், இந்த உதாரணத்தை நான் ஒரு இடத்தில் மட்டும் கேட்கவில்லை. கல்யாணத்தில், நவநாளில், கொடியேற்றத்தில் என்று பல தடவை கேட்டுவிட்டேன். ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். நம் ஜனங்களுக்கு சிபாரிசு என்றால் என்ன என்று தெரியும். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க ஒரு ஆள், வி.ஏ.ஓ. ஆபீசில் கையெழுத்து வாங்க ஒரு ஆள், பெரியாஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க ஒரு ஆள். ஆள் இல்லாதவன் வராந்தாவில் நிற்பான். அந்தப் பெண் பிறந்ததிலிருந்து வராந்தாவில் நிற்கிறவள். அவளிடம் போய், பரலோகமும் இன்னொரு கலெக்டர் ஆபீஸ்தான், அங்கேயும் ஆளைப் பிடிக்க வேண்டும் என்று சொல்வதா சுவிசேஷம்? நீங்களும் நாங்களும் சேர்ந்து பெயர்த்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியத்தில், கடவுளையும் மனிதரையும் "இணைப்பவரும் ஒருவரே" என்றிருக்கிறது. எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "மத்தியஸ்தரும் ஒருவரே". அதையும் தாண்டி ஒரு வசனம் இருக்கிறது, யோவான் பதினாறாம் அதிகாரத்தில். பிடிபடப்போகிற ராத்திரி இயேசு சொல்கிறார்: "உங்களுக்காகப் பிதாவை நான் கேட்டுக்கொள்வேனென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை." ஏன் என்றால், "பிதா தாமே உங்களைச் சிநேகிக்கிறார்." கோபமாக உள்ளே உட்கார்ந்திருக்கும் அப்பா என்ற படத்தையே அந்த மகன் ஒத்துக்கொள்ளவில்லை. இதைப் படித்த பிறகு அந்த வக்கீல் கதையை எப்படி மைக்கில் சொல்ல முடிகிறது?

இது லுத்தர் மட்டும் சொன்ன நியாயம் என்று தள்ளிவிட வேண்டாம். உங்கள் சங்கங்கள் உங்களுக்கு எழுதியதைத்தான் நான் கேட்கிறேன். திரெந்து சங்கம் 1563 டிசம்பரில் புனிதர்களிடம் மன்றாடுவதைப் பற்றித் தீர்மானம் போட்டபோது, அது நல்லது, பயனுள்ளது என்றது; ஒவ்வொரு விசுவாசியும் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்பதை அதே வாக்கியத்தில் வைத்தது. இந்தப் பக்தியில் மூடநம்பிக்கையும் இழிவான பண ஆதாயமும் நீக்கப்பட வேண்டும் என்றும் எழுதியது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையைப் பற்றிய தன் ஏட்டில், மரியாளின் பங்கு கிறிஸ்துவின் ஒரே மத்தியஸ்தத்தை மறைக்கவோ குறைக்கவோ கூடாது என்றது. அதே ஏட்டின் 67-ஆம் பத்தியில், மரியாளைப் பற்றிப் பேசும்போது மிகைப்படுத்தலை விலக்குங்கள், குறுகிய மனதையும் விலக்குங்கள் என்று பிரசங்கிகளுக்கென்றே எழுதியிருக்கிறது. பிரிந்த சகோதரர்கள் உங்கள் திருச்சபையின் போதனையைத் தப்பாகப் புரிந்துகொள்ளும்படி எதையும் பேசவோ செய்யவோ கூடாது என்றும் இருக்கிறது. அந்தப் பிரிந்த சகோதரர்களில் ஒருத்தி நான். அன்று அந்தக் கோயிலில்தான் உட்கார்ந்திருந்தேன். 2025 நவம்பரில்கூட, திருத்தந்தை பதினான்காம் லியோவின் ஒப்புதலோடு, மரியாளை 'இணை மீட்பர்' என்று அழைப்பது பொருத்தமில்லை என்று வத்திக்கான் எழுதியது. ரோமில் இவ்வளவு கவனம். எங்கள் ஊர் மைக்குக்கு வரும்போது அந்தக் கவனம் எங்கே போகிறது?

'நண்பர்களிடம் எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்கிறீர்களே, அதே மாதிரிதான் இதுவும்' என்று உங்களில் பலர் பதில் சொல்வீர்கள். மதிக்க வேண்டிய பதில்தான். பரலோகத்தில் இருக்கும் பரிசுத்தவான்கள் திருச்சபைக்காக ஜெபிக்கிறார்கள் என்பதை லுத்தரன்களின் ஆரம்பகால விசுவாச அறிக்கைகளே மறுக்கவில்லை. அவர்களிடம் நாம் கேட்க வேண்டும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை என்பதுதான் எங்கள் நியாயம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் என் சிநேகிதியிடம் ஜெபிக்கச் சொன்னால் பதின்மூன்று வாரம் எண்ணுவதில்லை. ஒரு வாரம் அவள் வீட்டுக்குப் போகாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பதில்லை. என்னைவிட அவள் சொன்னால்தான் ஆண்டவர் கேட்பார் என்று நினைப்பதும் இல்லை. நீங்கள் சொல்லும் விளக்கம் நட்பு. அந்தக் கோயிலில் நடப்பது நேர்த்திக்கடன் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது பிரசங்கம். ஒரு செவ்வாய் தவறினால் ஒன்றும் ஆகாது மகளே என்று பீடத்திலிருந்து யாரும் சொல்லவில்லை. அவளுக்கு அதைச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் தயங்கிவிட்டேன், இன்னொருவர் கோயில் ஆயிற்றே என்று. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

பரிசுத்தவான்களைப் பிரசங்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 1530-இல் லுத்தரன்களின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 21-ஆம் பிரிவும் அப்படிக் கேட்கவில்லை. அவர்களை நினைவுகூருங்கள், அவர்கள் கிருபை பெற்ற விதத்தைப் பார்த்து விசுவாசத்தில் பலப்படுங்கள் என்றுதான் சொன்னது. எங்களுக்குப் பக்கத்திலேயே தேவசகாயம் பிள்ளை இருக்கிறார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15-ஆம் தேதி புனிதர் என்று அறிவிக்கப்பட்டார். எங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் அவர் கதையை நான் சொல்லிக்கொடுக்கிறேன். அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தப்பட்டும் விசுவாசத்தை விட்டுக்கொடுக்காதவர் என்று சொன்னால் பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்கிறார்கள். அவர் திருவிழாவில் அந்தத் தைரியத்தைப் பிரசங்கியுங்கள், நானும் வந்து உட்காருகிறேன். அவர் வழியாகக் கேட்டால் வேலை கிடைக்கும், விசா கிடைக்கும் என்று சொல்லும்போது அந்தக் காட்டாடிமலையே மறைந்துபோகிறது.

எங்கள் வீட்டுக் குப்பையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் நேர்மையாக இருக்காது. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை அடியோடு போக வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் முன்னோர்கள் பலர் திருவிருந்தில் எல்லாரோடும் சமமாக வர மறுத்தார்கள். அந்த நோய் முழுசாகப் போய்விட்டது என்று இன்றும் என்னால் சத்தியம் பண்ண முடியாது. புனிதர்கள் வேண்டாம் என்று சொன்ன எங்கள் கூட்டத்தில், டிவியில் வரும் ஊழியக்காரர் கை வைத்து ஜெபித்தால்தான் நடக்கும் என்று எண்ணெய் பாட்டில் வாங்கி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். செத்த அந்தோணியாரை விட்டுவிட்டு உயிரோடிருக்கும் ஒருவரை நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். இதை எங்கள் ஐயர்மாரிடமும் நான் சண்டை போட்டுச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து, உங்கள் பக்கத்து வீரமாமுனிவர் காலம் முழுக்க, தமிழில் நாம் ஒருவரையொருவர் திட்டி எழுதிக்கொண்டது போதும்.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் மாதாவையோ அந்தோணியாரையோ கெபியிலிருந்து இறக்கச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மறையுரையில் கலெக்டர் கதையை விட்டுவிட்டு, "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்ற வசனத்தை மைக்கில் மெதுவாக, கேட்கிறவர்களுக்குப் பதியும்படி வாசியுங்கள். நேர்ந்துகொண்டது தவறினால் தண்டனை இல்லை என்று பீடத்திலிருந்தே சொல்லுங்கள். உங்கள் வாயால் சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள், நான் சொன்னால் 'சி.எஸ்.ஐ. காரி அப்படித்தான் சொல்லுவா' என்றுவிடுவார்கள். அடக்கப் பூசையில் பிள்ளைகளிடம் எண்ணிக்கை சொல்லாதீர்கள். பாத்திரத்தை வருடத்தில் ஒரு பெரிய வியாழனுக்காவது ஜனங்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்த மாதம் பெரியம்மாவின் வருட நினைவுப் பூசை. அண்ணன் ஆறு மாதமாகக் காசு சேர்த்து வைத்திருக்கிறார். நான் வருவேன், போன தடவை உட்கார்ந்த அதே தூணோரமாகத்தான் உட்காருவேன். நன்மை வாங்க வர மாட்டேன். அண்ணன் முன்வரிசையில் இருப்பார்; விரல்களைப் பார்த்தாலே தெரியும், வலை நூல் அறுத்த தழும்பு இருக்கும். மறையுரையில் அவர் பக்கம் ஒரு தடவை திரும்பி, உன் அம்மா ஆண்டவரிடம் இருக்கிறார், எல்லாம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள், ஃபாதர்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
ஒரு சி.எஸ்.ஐ. சபை அங்கத்தினர்,
தூத்துக்குடி மாவட்டம்